முட்டிக்கு ஒன்றே முக்கால் இன்ச்

முப்பிடாதியை நான் முதலில் பார்த்தது எங்கள் கம்பெனி பஸ்ஸில். உட்கார்ந்திருந்தாள் என்று ஒரு மரியாதைக்குத்தான் சொல்ல வேண்டும். முன் சீட்டுக்கும் அவள் சீட்டுக்கும் நடுவில் அவளுடைய கால்கள் நுழையவில்லை. பக்கவாட்டில் திரும்பி, முட்டி இரண்டையும் நடுவழியில் நீட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பையை மடியில் அணைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "ஸாரிக்கா, ஸாரிண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இடித்தது அவர்கள், ஸாரி சொன்னது இவள். எனக்கு அன்றைக்கே எரிச்சலாக வந்தது.

எனக்கு எரிச்சல் சீக்கிரம் வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெயர் சசிகலா. பிறந்தது, வாக்கப்பட்டது இரண்டும் மணிமங்கலம். ஒரகடத்தில் விமானத்துக்கு சீட்டு செய்கிற கம்பெனியில் ஒன்பது வருஷமாக குவாலிட்டி செக்கிங். நூல் பிசிறு, தையல் கோணல், துணியில் கறை, எதுவானாலும் கண்ணில் பட்டால் சிவப்புச் சீட்டு கட்டிவிடுவேன். குறை கண்டுபிடிக்கிறதுக்கு உனக்கு சம்பளம் வேற தர்றானா என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவர் வைக்கிற ரசத்துக்கும் நான் சிவப்புச் சீட்டு கட்டியிருக்கிறேன், அந்தக் கோபம்.

முப்பிடாதிக்குச் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். சுங்குவார்சத்திரத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் வந்தவள். படப்பையில் ஒரு ஹாஸ்டலில் ஒரே அறையில் எட்டுப் பேரோடு இருந்தாள். வயது இருபத்தைந்து. உயரம் ஐந்தடி பத்து. ஆம்பிளைகள் வரிசையில் நின்றாலே தனியாகத் தெரிகிற உயரம். ஸ்டோர்ஸில் இருக்கிற கோதண்டம் அண்ணன் தினமும் காலையில், "இன்னா முப்பிடாதி, மேல காத்து நல்லா வருதா?" என்று கேட்பார். அவளும் தினமும் சிரிப்பாள். கோதண்டம் அண்ணன் குறுக்கே வளர்ந்தவர், எடை நூற்றுப் பத்து. அவருக்கு யாரையாவது கேலி செய்தால்தான் பொழுது விடியும்.

அவளுக்குத் தையல் செக்‌ஷன். விமான சீட்டின் பின்பக்கம் ஒரு பை இருக்குமே, புத்தகம், அட்டை எல்லாம் செருகி வைக்கிற பை, அதுதான் அவள் வேலை. ஒரு நாளைக்கு நூற்று நாற்பது பை தைப்பாள். இரண்டு வருஷத்தில் அவள் பையில் நான் சிவப்புச் சீட்டு கட்டியது நான்கு முறை. அந்த நான்கிலும் துணிதான் தப்பு.

ஒரு நாள் கேன்டீனில் சாப்பிடும்போது அவளாகவே ஒரு விஷயம் சொன்னாள். உயரமான பெண்களைத் தையலுக்கு எடுக்க மாட்டார்கள், மேஜை தாழ்வு, முதுகு வலி என்று லீவு போடுவார்கள் என்று கழித்துவிடுவார்கள் என ஹாஸ்டலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் சேரும்போது நடந்த மெடிக்கலில், நீளமான சுடிதாருக்குள் முட்டியை மடக்கி நின்றிருக்கிறாள். நர்ஸ் கூட்டத்தில் கவனிக்கவில்லை. ஃபைலில் ஐந்தடி ஆறு என்று ஏறிவிட்டது.

"ஏன்டி, பாக்குறவங்களுக்கு கண்ணு இல்லியா?"

"ஃபைல யாருக்கா ஆளோட வச்சுப் பாக்கா?" என்றாள்.

அது உண்மைதான். ஆனால் விண்ணப்பத்தின் கடைசி வரியில் ஒன்று போட்டிருக்கும்: கொடுத்த தகவல் பொய் என்று தெரிந்தால் வேலையிலிருந்து நீக்கப்படும். அவளுக்கும் அது தெரியும். இரண்டு வருஷ கான்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிகிறது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பர்மனென்ட் லிஸ்ட் வரும். அதில் பேர் இருந்தால் ரிட்டயர் ஆகிறவரைக்கும் கவலையில்லை. இல்லாவிட்டால் திரும்பவும் ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் போய் நிற்க வேண்டும். கம்பெனிகள் வரிசையாக இருக்கிற இந்த ஒரகடம் ரோட்டில் பெண்களுக்கு இருபத்தாறு என்பது கிழ வயசு. கேட்டில் இருக்கிறவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பிறந்த வருஷத்தைத்தான் பார்ப்பான். இந்த வேலை அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் புது சீட்டு வந்தது.

பழைய சீட்டைவிட முதுகு மெல்லிசு, மெத்தை மெல்லிசு. எங்கள் டிசைன் இன்ஜினியர் வசந்தகுமார், காஞ்சிபுரத்துப் பையன், லைனில் எல்லோரையும் நிறுத்தி விளக்கினான். விமானத்தில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவில் முப்பது இன்ச் விடுகிறார்கள், இந்த சீட்டு வந்தால் இருபத்தெட்டு போதும் என்றான்.

"ரெண்டு இன்ச்சுல இன்னா ஆவப் போவுது?" என்று கோதண்டம் அண்ணன் கேட்டார்.

"முப்பது வரிசைக்கு அறுபது இன்ச் மிச்சம் அண்ணே. ரெண்டு வரிசை எக்ஸ்ட்ரா. பன்னண்டு பேர் கூட ஏறலாம்."

"அப்ப நம்ம பஸ்ஸ டிசைன் பண்ணவனாண்டதான் நீ படிச்சிக்கினு வந்துக்கீற."

எல்லோரும் சிரித்தோம். எங்கள் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்று பேர் உட்காருவது வழக்கம். அதை யாரும் குறையாக நினைத்ததுகூடக் கிடையாது.

விமானக் கம்பெனிக்கு அனுப்புவதற்கு முன்னால் ஆட்களை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஸ்டோர்ஸுக்குப் பின்னால் இருக்கிற ஹாலில் மூன்று வரிசை சீட்டைப் பொருத்தி, இருபத்து நான்கு தொழிலாளிகளைப் பிரித்து உட்கார வைப்பது, ஒவ்வொருவரும் நான்கு மணி நேரம், முடிந்ததும் பதினாறு கேள்விக்குப் பதில். கழுத்து எப்படி, இடுப்பு எப்படி, முட்டி எப்படி என்று கேள்விகள். உயரமானவர்கள், நடுத்தரம், குள்ளம் என்று ஃபைலைப் பார்த்து ஆள் எடுத்தார்கள். முப்பிடாதி நடுத்தரத்தில் வந்தாள். அவளும் நானும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் சிரிப்பை அடக்கிக்கொண்டோம்.

கேள்வித்தாளைத் தமிழில் தயார் செய்கிற வேலை எனக்கு வந்தது. இதில்தான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். எங்கள் வழக்கமான செக்‌ஷீட்டையே எடுத்து, பொருளின் பெயர் இருக்கிற இடத்தில் கேள்வியைப் போட்டு, பக்கத்தில் இரண்டு கட்டம் விட்டேன். ஒன்று ஓகே, இன்னொன்று என்ஜி.

வெளி ஆட்களுக்கு இது புரியாது. கம்பெனியில் என்ஜி என்றால் சரியில்லாதது, கழித்துப் போட வேண்டியது. ஒரு என்ஜி விழுந்தால் லைன் நிற்கும். யார் தைத்தது, ஏன் தப்பு வந்தது, இனிமேல் வராமல் இருக்க என்ன செய்வாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சூப்பர்வைசர் வருவார், போட்டோ எடுப்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எல்லோரும் கற்றுக்கொள்கிற விஷயம், என்ஜி கட்டத்தில் பேனா படக் கூடாது என்பதுதான். சரியாகப் பேசாத ஆளைக்கூட "அவன் என்ஜி" என்று சொல்லுவோம். அப்படிப்பட்டவர்கள் கையில் அந்தத் தாளைக் கொடுத்து, "என்ஜி போட்டா காரணம் எழுதி பேரு போடணும், பாத்து போடுங்க" என்று வேறு சொன்னேன்.

புதன்கிழமை டெஸ்ட். எல்லோருக்கும் ஒரே குஷி. ஏசி போட்ட ஹால், வேலை கிடையாது, உட்கார்ந்த இடத்தில் டீ. இருபத்து நான்கு பேரில் விமானத்தில் ஏறியவர் ஒருவரும் இல்லை. உட்கார்ந்ததும் எல்லோரும் என்ன செய்தார்கள் தெரியுமா, பஸ்ஸில் உட்காருகிற மாதிரி தோளைச் சுருக்கி, முட்டியைச் சேர்த்து, கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். மடியில் பைகூட இல்லை.

முப்பிடாதிக்கு நடு வரிசையில் நடு சீட்டு. அவளுக்கு முன்னால் கோதண்டம் அண்ணன். அவர் சாய்ந்து உட்கார்ந்ததும் சீட்டின் முதுகு பின்னால் வந்தது. அவள் முட்டி இரண்டும் அவள் தைத்த பையிலேயே போய் அழுந்தின. பைக்குள் ஒரு பத்திரிகையும் இரண்டு கெட்டி அட்டையும் செருகியிருந்தார்கள், உண்மையான விமானம் மாதிரி இருக்க வேண்டுமாம். நடு சீட்டு என்பதால் பக்கவாட்டில் திரும்பவும் வழியில்லை. நான்கு மணி நேரம் அப்படியே இருந்தாள். முடிந்ததும் பதினாறு கேள்விக்கும் ஓகே போட்டுக் கொடுத்தாள். எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள். கோதண்டம் அண்ணனுக்கு எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அவரும் பதினாறு ஓகே.

மறுநாள் வசந்தகுமார் தாள்களைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான்.

"அக்கா, முந்நூத்தி எண்பத்தி நாலு ஓகே. ஒரு என்ஜி இல்ல. கட்டில்ல படுத்தாகூட இப்படி வராது."

"நல்லா இருந்துச்சு, ஓகே போட்டாங்க. உன் சீட்ட நல்லாக்கீதுன்னு சொன்னா அதுக்கும் கோவமா?" என்று எரிந்து விழுந்தேன். அவன் தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தையல் செக்‌ஷன் சூப்பர்வைசர் பரசுராமன் சாருக்கு மட்டும் பரம சந்தோஷம். ரிப்போர்ட்டைக் கண்ணாடி உறையில் போட்டு வைத்தார்.

வெள்ளிக்கிழமை முப்பிடாதி லீவு. அவள் தம்பி மாரிசெல்வம் கத்தாருக்கு வேலைக்குப் போகிறான். அவனை ஐ.டி.ஐ. படிக்க வைத்ததே இவள்தான். ஏர்போர்ட் வாசல்வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். அவனும் இவள் மாதிரியே, ஆறடி ஒன்று.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏறியதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வழக்கமான சிரிப்பு இல்லை. போன் பேசினானா என்று கேட்டேன்.

"பேசினான்க்கா. ஏறுனதும் நான் தைச்ச பையான்னு திருப்பித் திருப்பிப் பாத்தானாம். நம்ம கம்பெனி இல்லையாம்." சாப்பாட்டுப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "நாலே முக்கா மணி நேரம் காலையே நீட்ட முடியலியாம். முட்டு ரெண்டும் செவந்துபோச்சாம். எறங்குறப்ப முன்னால இருந்தவருகிட்ட ஸாரி கேட்டானாம். எங்கால்தான் ரொம்ப நீளம்க்கா, சீட்டு நல்லாத்தான் இருந்துச்சுங்கான்."

அவள் சுடிதாரைக் கணுக்காலிலிருந்து முட்டிவரைக்கும் சுருட்டிக் காட்டினாள். இரண்டு முட்டியிலும் பைக்குள் இருந்த அட்டையின் விளிம்பு கோடாகப் பதிந்து, ஐந்து நாளாகியும் கன்றிப் போயிருந்தது.

"அப்புறம் ஏன்டி ஓகே போட்ட?"

"நீங்கதானக்கா என்ஜி போட்டா காரணம் எழுதணும்னீங்க. காரணம் எங்காலுதான? அதை எப்படி எழுத?"

எனக்குப் படப்பை வளைவில் பஸ் திரும்பினது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. ஒன்பது வருஷமாக ஒரு இழை நூல் பிசிறை விடாமல் பிடித்தவள், இருபத்து நான்கு பேர் வலியைக் கட்டம் போட்டு மறைத்திருக்கிறேன். அதைவிட, இந்தப் பெண்ணும் அவள் தம்பியும் சீட்டுக்குச் சிவப்புச் சீட்டு கட்டாமல் தங்கள் காலுக்குக் கட்டிக்கொண்டார்களே.

"காலு என்ஜி கெடையாதுடி, சீட்டுதான் என்ஜி" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவள் என்னைக் கூப்பிட்டாள். கையில் தைத்து முடித்த ஒரு பை, வாயில் நான்கைந்து குண்டூசி. ஹாலுக்குப் போய்ப் பூட்டைத் திறந்தேன், சாவி குவாலிட்டியில்தான் இருக்கும். அவள், முன் சீட்டின் பின்னால் முட்டி உயரத்தில் இருந்த பையிலிருந்து பத்திரிகையையும் அட்டையையும் எடுத்தாள். சாப்பாட்டுத் தட்டு வைக்க மடக்குகிற பலகை இருக்குமே, அதற்கு மேலே, கண் உயரத்தில் கையில் இருந்த பையை ஊசியால் குத்தி நிறுத்தி, எடுத்ததையெல்லாம் அதில் செருகினாள்.

"ஹாஸ்டல்ல கட்டிலுக்கு அடியில எட்டுப் பேரு பையும் கெடக்கும்க்கா. கால் வைக்க எடமிருக்காது. எல்லாத்தையும் ஆணியடிச்சு மேல தொங்க விட்டுட்டோம். ரூம்பு பெருசாகல, ஆனா நடக்கலாம்."

உட்கார்ந்தாள். நான் ஸ்டீல் ஸ்கேலை அவள் முட்டிக்கும் சீட்டுக்கும் நடுவில் விட்டேன். நுழைந்தது. கீழ்ப் பையில் பொருள் இருக்கும்போதும் இல்லாதபோதும் மாற்றி மாற்றி மூன்று தரம் அளந்தேன். ஒன்றே முக்கால் இன்ச் வித்தியாசம். எடுத்துக்கொண்ட இரண்டு இன்ச்சில் ஒன்றே முக்கால் திரும்பி வந்திருந்தது.

வசந்தகுமாரிடம் மட்டும் சொன்னோம். அவன் வந்து பார்த்தான், முட்டி போட்டு உட்கார்ந்து அவனும் அளந்தான். "நாளைக்கு ஏர்லைன்ஸ் ஆளுங்க வர்றாங்க. பரசுராமன் சார் ரிப்போர்ட் எல்லாம் ஓகேன்னு கொடுத்துட்டார். யாராவது வாயத் திறந்து சொன்னாத்தான் இத நான் எடுத்து வைக்க முடியும்" என்றான்.

முப்பிடாதி என்னைப் பார்த்தாள். நான் லிஸ்ட்டை நினைத்தேன். அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள். வாய் திறந்தால் உயரம் வெளியே வரும், உயரம் வெளியே வந்தால் மெடிக்கல் பொய் வெளியே வரும். இன்னும் நான்கே நாள். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று சொல்ல எனக்கு வாய்வரைக்கும் வந்தது. அடுத்த வாரம் சீட்டு முடிவாகியிருக்கும் என்பதால் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை விமானக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வயதானவர், எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். இன்னொருவர் தென்றல் என்று ஒரு அம்மா, நாற்பது வயது இருக்கும், முன்பு ஏர்ஹோஸ்டஸாக இருந்தவராம். டெஸ்டில் உட்கார்ந்தவர்களில் சில பேரையும் என்னையும் பின்னால் நிற்க வைத்திருந்தார்கள். வரிசையில் நிற்கும்போது பரசுராமன் சார் முப்பிடாதி காதில் சொன்னது எனக்கும் கேட்டது.

"கேட்டா நல்லாருக்குன்னு சொல்லு, போதும். வெள்ளிக்கிழமை லிஸ்ட் வருது, ஞாபகம் இருக்கட்டும்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. அவர் மனதில் அது உதவிதான்.

தென்றல் மேடம் ரிப்போர்ட்டைப் புரட்டினார். பிறகு சீட்டில் உட்கார்ந்தார், எழுந்தார். "எனக்கு ஓகே. நான் அஞ்சடி அஞ்சு. கொஞ்சம் உயரமான ஆள் உட்கார்ந்து பாக்கணும்." பின்னால் திரும்பியவர் கண் நேராக முப்பிடாதி மேல் போனது, வேறு எங்கே போகும்? "அவங்க வரட்டும்."

பரசுராமன் சார் தாளைப் பார்த்தார். "அவங்க மீடியம் குரூப் மேடம். அஞ்சடி ஆறு."

தென்றல் மேடம் போய் முப்பிடாதி பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். "என்னைவிட ஒரு இன்ச்தான் கூடவா இவங்க?"

யாரும் சிரிக்கவில்லை. பரசுராமன் சார் தாளையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் ஃபைலை ஆளோடு வைத்துப் பார்க்கிறார்.

"ஃபைல்ல தப்பா இருக்கு மேடம்" என்றாள் முப்பிடாதி. குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "நான் அஞ்சடி பத்து. சேரும்போது வேலை கெடைக்காதோன்னு முட்ட மடக்கி நின்னேன். யாரும் தப்பா எழுதல, நாந்தான் அப்படி நின்னேன்."

பிறகு யாரும் சொல்லாமலேயே போய் நடு சீட்டில் உட்கார்ந்தாள். முட்டி பையில் இடித்தது எல்லோருக்கும் கேட்டது. "என்ஜி மேடம்" என்றாள். "அன்னைக்கு ஓகே போட்டேன். அதுவும் தப்பு."

நானும் முன்னால் வந்து, ஃபார்ம் போட்டது நான், என்ஜி போட வேண்டாம் என்கிற மாதிரி சொன்னதும் நான் என்று சொல்லிவிட்டேன். அவள் மட்டும் தனியாக நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் எழுந்து பையை மறுபடி மேலே குத்திக் காட்டினாள், வசந்தகுமார் ஸ்கேலோடு வந்தான். தென்றல் மேடம் குனிந்து ஸ்கேலில் அளவைத் தானே படித்தார்.

"பத்து வருஷம் நடுவழியில வண்டி தள்ளியிருக்கேன்" என்றார். "எத்தன முட்டிய இடிச்சிருப்பேன். ஒருத்தர்கூட என்னைத் திட்டினதில்ல. எல்லாரும் ஸாரிதான் சொல்லுவாங்க." பையை மேலே வைத்து இன்னொரு டெஸ்ட் நடத்தச் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை லிஸ்ட் ஒட்டினார்கள். பதினொரு பேர். மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தேன், முப்பிடாதி பேர் இல்லை. அவள் என் பின்னால் நின்று ஒரே தடவை படித்தாள், அவள் உயரத்துக்கு எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

"பரவாயில்லக்கா" என்றாள்.

"பரவாயில்லன்னு இன்னொரு தபா சொன்னின்னா அறஞ்சிடுவேன்" என்றேன். அழுதது நான்தான், அவள் இல்லை. நேராகப் பரசுராமன் சார் கேபினுக்குப் போய்க் கதவைத் தட்டாமல் திறந்தேன். என்ன பேசினேன் என்று வரிசையாக ஞாபகமில்லை. பொய் சொன்னதற்குத் தண்டனையா, உண்மையைச் சொன்னதற்கா என்று கேட்டது மட்டும் ஞாபகமிருக்கிறது. அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அவ ஃபைல் ஹெச்.ஆர்.ல நிக்குது. கழிக்கல, நிறுத்தி வச்சிருக்காங்க. திரும்ப டெஸ்ட் முடியட்டும், அதுவரைக்கும் வேலைக்கு வரட்டும்" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "உயரமா இருந்தா வேலைக்கு எடுக்க மாட்டோம்னு இவங்களுக்கு யாரும்மா சொன்னது? அப்படி ஒரு ரூலே கிடையாது. தையல் மேஜைக்கு அடியில திருகு இருக்கு. நாலு இன்ச் ஏத்தலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஏத்திக் கொடுத்திருப்பேனே."

கேட்டால் உயரம் தெரிந்துவிடுமே, எப்படிக் கேட்பாள்? இல்லாத ஒரு ரூலுக்குப் பயந்து இரண்டு வருஷம் குனிந்து தைத்திருக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம் மெயின்டனன்ஸ் ஆள் வந்து அவள் மேஜையை ஏற்றிவிட்டுப் போனான்.

இரண்டாவது டெஸ்ட் அடுத்த வாரம் நடந்தது. பையை மேலே வைத்துத் தைத்த சீட்டுகள். இந்த முறை கட்டம் கிடையாது. தாளில் ஒரு மனித உருவம் வரைந்து, எங்கே வலிக்கிறதோ அங்கே வட்டம் போடுங்கள், பேர் வேண்டாம் என்று எழுதினேன். அதே இருபத்து நான்கு பேர். வட்டத்தைக் கொட்டினார்கள். கோதண்டம் அண்ணன் ஏழு இடத்தில் போட்டுவிட்டு, "இதுல மூணு நம்ம பஸ்ஸால வந்தது, அதயும் சேத்துக்க" என்றார். பரசுராமன் சார் இருபத்தைந்தாவது ஆளாகத் தானே வந்து நான்கு மணி நேரம் உட்கார்ந்தார். எழுந்ததும் உருவத்தின் இடுப்பில் ஒரு பெரிய வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். முட்டியில் வட்டம் போட்டவர் இரண்டே பேர்.

இருபத்தெட்டு இன்ச் கடைசிவரைக்கும் இருபத்தெட்டாகத்தான் இருந்தது. அது எங்கள் கையில் இல்லை. ஆனால் பை மேலே போனது, மெத்தைக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் கூடக் கிடைத்தது. பையை மேலே வைப்பது வேறு சில நாட்டுக் கம்பெனிகள் ஏற்கெனவே செய்ததுதான் என்று வசந்தகுமார் தேடிப் பார்த்துச் சொன்னான். முப்பிடாதி முகம் வாடப் போகிறதோ என்று பார்த்தேன். "அப்ப நான் சொன்னது சரிதான்லாக்கா" என்றாள்.

பஸ் விஷயமும் சும்மா இருக்கவில்லை. மிச்சமிருந்த வட்டத் தாள்களை யாரோ எடுத்துக்கொண்டு போய்ப் பஸ்ஸில் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். ஐம்பத்தாறு தாள் நிரம்பி டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் பெட்டியில் விழுந்தது. இப்போது முதல் ஷிப்டுக்கு இன்னொரு பஸ் வருகிறது. ஒரு சீட்டில் இரண்டு பேர்.

லிஸ்ட் ஒட்டியதற்கு அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி முப்பிடாதிக்குக் கடிதம் வந்தது. பர்மனென்ட், தையல் லைன் இல்லை, புது மாடல் செய்து பார்க்கிற சாம்பிள் செக்‌ஷன். கூடவே ஒரு வரி: உடல் தகுதிப் பதிவு மறுபடி எடுக்கப்பட வேண்டும். அவள் தம்பிக்குப் போன் செய்து சொன்னபோது அவன் முதலில் கேட்டது, "எனக்கு லீவு கெடைக்குறதுக்குள்ள அந்தச் சீட்டு பிளேன்ல ஏறிருமாக்கா?" என்பதுதான்.

மெடிக்கல் ரூமுக்கு அவளோடு நானும் போனேன். நர்ஸ் செல்லம்மாள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் அளந்த அதே ஆள், பழைய கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். முப்பிடாதி செருப்பைக் கழற்றிவிட்டு அளவுகோலில் ஏறி நின்றாள். பழக்கத்தில் முட்டி லேசாக மடங்கியது. அவளே குனிந்து ஒரு தரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

செல்லம்மாள் கையை உயர்த்தினார், எட்டவில்லை. கார்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ரெண்டு வருசத்துல நாலு இன்ச்சு வளந்துக்கீற?"

"வளரல சிஸ்டர். அன்னைக்கு மடக்கி நின்னேன்."

செல்லம்மாள் ஒரு ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு ஏறினார். மேலே இருந்த கட்டையை அவள் உச்சந்தலை வரைக்கும் இறக்கி, எண்ணை இரண்டு தரம் படித்துவிட்டு, பழையதை அடித்து ஐந்தடி பத்து என்று எழுதினார்.